பிரிக்கிற கை

ஆதாரம் எழுதும் லைசென்ஸ் என் கைக்கு வந்த அன்று கூடச் சந்தோஷப்பட வீட்டில் ஆள் இல்லை. மனைவி தலைப்பிரசவத்துக்காக ராஜாக்கமங்கலத்தில் அவளுடைய அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண்குழந்தை பிறந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. நான் நாகர்கோவிலில் வாடகை வீட்டில் தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் தந்த உறையைக் கிழித்துப் பார்த்தால் சர்க்காரின் சங்கு முத்திரை போட்ட காகிதம். நாலு தடவை வாசித்தேன். அப்புறமும் மனசு அடங்காமல் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். அவர் “கொள்ளாம், நல்லது” என்று சொல்லிவிட்டு ஆட்டைக் கட்டப் போய்விட்டார்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் பக்கம் பத்திரத்துக்கு ஆதாரம் என்றே பெயர். நிலம் விற்றாலும் ஒற்றி வைத்தாலும் அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும் லைசென்ஸ் உள்ள ஒருவன் எழுத வேண்டும். கடைசி வரியில் ‘எழுதியது இன்னார்’ என்று அவன் பெயர் இருக்க வேண்டும். அதற்குமுன் ஐந்து வருஷம் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததைவிட, பிள்ளைகளின் அப்பன்மார் கொண்டுவந்த பழைய ஆதாரங்களை வாசித்துச் சொன்னதில்தான் எனக்கு ருசி. ‘வடக்கே ஓடைக்கும் தெற்கே பனைவிளைக்கும் கிழக்கே நடைவழிக்கும்’ என்று வாசிக்க வாசிக்க, நான் கண்ணால் பார்க்காத ஒரு நிலம் முழுசாக என் முன்னால் வந்து நிற்கும். பரீட்சை எழுதுங்கள் என்று என்னைக் கிளப்பிவிட்டவளும் என் மனைவிதான். பாஸானதும் பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். எதையும் உடனே செய்துவிட்டு, அப்புறம் நிதானமாக உட்கார்ந்து யோசிப்பது என் சுபாவம்.

ராஜினாமா சேதி கேட்டு மாமனார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவருக்கு ராஜாக்கமங்கலத்தில் தேங்காய் வியாபாரம். நல்ல மனுஷர், ஆனால் வாசலில் நின்றபடியே பேசிவிடுவார்.

“மருமவனே, நான் வாத்தியாருக்குத்தான் பொண்ணு குடுத்தேன். மாசம் பொறந்தா சம்பளம் வாங்குக ஆளுக்கு. இப்போ நீரு ரிஜிஸ்தர் கச்சேரி முன்னால தரகனுக்கு எழுதப் போறேன்னு நிக்கேரு. செரி, போட்டு. நெலையான ஒரு நல்ல எடத்துல போய் இரியும். அதுக்குப் பொறவு பொண்டாட்டியையும் பிள்ளையையும் வந்து கூட்டிட்டுப் போரும். அதுவரைக்கும் அவ அங்க இருக்கட்டு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை அடுத்த வீட்டுக்காரர் காதில் விழும்படி சொன்னதுதான் எனக்கு எரிச்சல். ஆனால் விஷயம் தெளிவாகிவிட்டது. எந்த இடத்தில் போய் உட்காருகிறேன் என்பதில்தான் என் பெண்டாட்டி பிள்ளை வீடு திரும்புவது இருக்கிறது.

இடம் என்றால் தரகர்களுடைய இடம். ஆதாரமெழுத்துக்காரன் தனியாகப் பலகை மாட்டி உட்கார்ந்தால் ஈதான் ஓட்டணும். வாங்குகிறவனையும் விற்கிறவனையும் பிடித்து, விலை பேசி முடித்து, கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிலத்தரகர்கள். ரிஜிஸ்தர் கச்சேரி என்கிற பதிவு ஆபீஸைச் சுற்றி அவர்கள் இடம் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தரகரிடமும் அவருக்கென்று எழுத்துக்காரர்கள் உண்டு. புது எழுத்துக்காரன் ஏதாவது ஒரு தரகரின் பெஞ்சில் ஒண்டிக்கொள்ள வேண்டும். ஒண்டிக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் அங்கேதான்.

எல்லாரும் கைகாட்டியது கச்சேரிக்கு எதிரே இருந்த ஒரு பெரிய இடத்தை. அதற்கு ‘கம்பெனி’ என்றே பெயர். நாலு மேஜை, சாய்மானம் வைத்த நாற்காலிகள், மின்சார விசிறி. பூதப்பாண்டிப் பக்கத்து வயல் கைமாறினால் முக்கால்வாசி அந்த மேஜைகளில்தான் எழுதுவார்கள். முதலாளி சில்க் ஜிப்பா போட்டவர். என்னை ஒரு பக்கம் எழுதச் சொன்னார். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எழுத்து அச்சுப் போட்ட மாதிரி இருக்கு வேய். தை பொறக்கட்டு. நல்ல நாள் பாத்து ஒரு பெரிய வயல் கிரயம் வச்சிருக்கேன். அதுதான் உம்ம மொத ஆதாரம். அதுவரைக்கும் நீரு பேனாவைத் தொடப்பிடாது, கேட்டீரா?”

தொடக்கூடாது என்றதற்குக் காரணம் கைராசி. எழுத்துக்காரன் முதன்முதலில் எழுதும் ஆதாரம் எதுவோ, அதுதான் அவன் கைக்கு ராசி என்பது கச்சேரி வாசலில் வேதவாக்கு. முதல் ஆதாரம் செழிப்பான ஒருவன் வயல் வாங்கியதாக இருந்தால், அந்தக் கையால் எழுதினால் சொத்து பெருகும் என்று ஆள் தேடி வரும். முதலில் ஒற்றி எழுதியவன் கதி அதோகதி. அவனிடம் போனால் உள்ளதும் அடமானத்துக்குப் போகும் என்று சொல்லிவிடுவார்கள். இத்தனைக்கும் எங்கள் சபைப் போதகரே என் பேனாவை வாங்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணித் தந்தார். “கைராசி கிய்ராசி எல்லாம் நமக்கில்ல. ஆனாலும் மொத ஆதாரத்தைப் பாத்து எழுதும்” என்று ஆமென் சொன்ன கையோடு சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

தைக்கு இன்னும் ஒரு மாசம். மார்கழியில் யாரும் நிலம் வாங்க மாட்டார்கள்; கச்சேரி வாசலே தூங்கிவழியும். நான் தினமும் வேட்டியை வெள்ளையாகக் கட்டிக்கொண்டு போய்ச் சாயாக்கடையில் உட்கார்ந்திருப்பேன். சும்மா இருக்கிறவனுக்குச் சாயா அதிகம் செல்லும். அப்படி இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் விளைக்காரி அக்கா என் எதிரே வந்து நின்றாள்.

அந்த வட்டாரத்தில் பெண்தரகர் அவள் ஒருத்திதான். தென்னைவிளை, பனைவிளை என்று தோப்புகளை மட்டுமே பேசி முடிப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். புருஷன் தரகராக இருந்தவர். வாதத்தில் அவருக்குக் கால் விழுந்த பிறகு அவர் வீட்டில் சோறு பொங்க, இவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். குடை ரிப்பேர்க் கடையை ஒட்டி ஒரு சிறிய அறைதான் அவளுடைய இடம். ஒரு பெஞ்சு, ஓடு முட்டுக்கொடுத்த மேஜை, மண்பானையில் குடிதண்ணீர். அவளுக்கென்று எழுத்துக்காரன் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒருவனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போவாள்.

“வாத்தியாரே, ஒரு உபகாரம்,” என்றாள். “ராஜாக்கமங்கலத்துக்காரங்க, அண்ணனும் தம்பியும். மூணு வருஷமா கேஸு, அடிதடி. இன்னைக்குக் காலம்பறதான் ரெண்டுபேரும் பாகம் வைக்கச் சம்மதிச்சு ஒரே பஸ்ஸுல வந்திருக்கானுவ. எழுதாம திருப்பி அனுப்புனா ஆளுக்கொரு பஸ்ஸுல போவானுவ, அதோட தீந்துது. ஒரு எழுத்துக்காரனும் வர மாட்டேங்கான். மார்கழியாம், செவ்வாக்கெழமையாம், இதுல பாகம் எழுதுனா கை வெளங்காதாம்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“நில்லும். உமக்கு இது மொத ஆதாரம். கம்பெனியில உம்மள கைகட்டி வச்சிருக்காவன்னு எனக்குத் தெரியும். பொறவு அக்கா கெடுத்துப்போட்டான்னு சொல்லப்பிடாது.”

சாயாக்கடையில் இருந்த இரண்டு எழுத்துக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் ஒருவேளை உட்கார்ந்திருப்பேன். “செவ்வாய்க்கு என்ன கொம்பா மொளச்சிருக்கு? நான் எழுதுகேன்” என்று அவர்களுக்குக் கேட்கும்படியே சொன்னேன். என் வாய்க்குப் பூட்டுப் போட அந்த நேரத்தில் என் மனைவி பக்கத்தில் இல்லை.

அண்ணனும் தம்பியும் அய்யா வழிக்காரர்கள், நெற்றியில் வெள்ளைநாமம். பெஞ்சின் இரண்டு கோடிகளில், நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம் என்கிற தூரத்தில் இருந்தார்கள். தென்னைவிளையை அளந்து பிரித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு கிணறும், விளையின் நட்டநடுவில் நின்ற ஒரு வருக்கைப் பிலாமரமும். கிணறு பொது, விடிந்தது முதல் மத்தியானம் வரை அண்ணன் இறைக்க, மத்தியானத்துக்குமேல் தம்பி என்று ஒருவழியாக முடிந்தது. பிலாதான் நகரவில்லை.

“பிலா அப்பா எனக்குன்னு வச்சது,” என்றார் அண்ணன்.

“வச்சாரு. வெள்ளம் கோரி ஊத்துனது ஆரு?” என்றார் தம்பி.

ஒரு மணி நேரம் இதே இரண்டு வாக்கியம். அக்கா பானையிலிருந்து இரண்டு பேருக்கும் மாறி மாறித் தண்ணீர் மோந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பேனா மூடியைத் திறந்து வைத்தேன். அதிரு, அதாவது எல்லை, மரத்தின் நடுவே போகிறது என்று எழுதுகிறேன், வடக்குக் கொம்பில் காய்க்கிறது அண்ணனுக்கு, தெற்கே காய்க்கிறது தம்பிக்கு என்றேன். இரண்டு பேரும் யோசித்தார்கள். தம்பி தலையைத் தூக்கினார். “அப்போ வேருல காய்க்க சக்கை?”

எனக்கு அது அதுவரை தோன்றவில்லை. வேரில் காய்க்கிற சக்கைக்கு, அந்தப் பலாப்பழத்துக்கு, வடக்கும் தெற்கும் ஏது? “ஒங்க அம்மை இருக்காங்களா?” என்று கேட்டேன். இருக்கிறாள் என்றார்கள். “வேர்ச்சக்கை எல்லாம் அம்மைக்கு” என்றேன். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவளுக்குப் பல்லில்லையே வேய்” என்றார். தம்பியும் சிரித்தார். மூன்று வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று அக்கா அப்புறம் சொன்னாள். நான் வரிவிடாமல் எழுதி, உரக்க வாசித்துக் காட்டினேன். “அய்யா உண்டு” என்று சொல்லி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி வரியில் என் பெயரை எழுதினேன். என் பெயர் எனக்கே புதுசாகத் தெரிந்தது. போகும்போது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள்.

மறுநாள் காலையில் கம்பெனி முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“பேனாவைத் தொடப்பிடாதுன்னு சொன்னேனா இல்லியா? போய் பாகம் எழுதியிருக்கேரு. மொத ஆதாரம் பாகம். அதும் மார்கழி. அதும் செவ்வாக்கெழமை.” ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். “உம்ம கை இனி பிரிக்கிற கை வேய். இந்தக் கையால நான் ஒருத்தனுக்கு வயல் கிரயம் எழுதவச்சா, அவன் நாளைக்கே மக்களுக்குப் பங்கு வச்சுக் குடுத்துட்டு நடுத்தெருவுல நிப்பேன்னு பயப்படுவான்.”

“இதெல்லாம் மூடநம்பிக்கை முதலாளி.”

“மூடநம்பிக்கைதான். இல்லேன்னு நான் சொன்னேனா? ஆனா வயல் வாங்குகவன் நம்புகான். அவன்தான எனக்குச் சோறு போடுகான்?”

அவர் சொன்னது நியாயமாகப் பட்டதால் எனக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது. வாசலில் கிடந்த செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து சரியானதைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

பெயர் ஒரே நாளில் ஊர் சுற்றிவிட்டது. சாயாக்கடைக்குள் நுழைந்தால் “ஏ, பிரிக்கிற கை வந்தாச்சு, புட்டை எட்டப் பிடி, உதுந்து பிரிஞ்சிரும்” என்பார்கள். எங்கள் சபையில் கல்யாண அழைப்பின் உறையெல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. போதகர் என்னைப் பார்த்ததும் பேனாவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மழையைப் பற்றிக் கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு ராஜாக்கமங்கலம் போனேன். பிரிந்த அண்ணன் தம்பி அந்த ஊர்க்காரர்கள்தானே. பாகம் எழுதிய அன்று நான் நாகர்கோவிலில் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே மாமனாருக்குச் சேதி வந்திருந்தது. சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. மீனை என் இலையில் அவரே எடுத்து வைத்தார். கை கழுவிய பிறகு, “கம்பெனி போச்சாமே?” என்றார். ஆமாம் என்றேன். “அப்போ வேற எடம் அமையட்டு” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் எண்ணப் போய்விட்டார்.

மனைவி என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் நன்றாகக் கொடுத்தாள். “வாயை வச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? ஒரு மாசம்! ஒரே ஒரு மாசம் அந்தப் பேனாவைச் சட்டைப்பையில வச்சிருக்க முடியலியா?” எல்லாம் சொல்லி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, “அந்தக் கெணத்தை எப்படி எழுதுனீங்க?” என்று கேட்டாள். சொன்னேன். பிலாமரத்தையும் சொன்னேன். வேர்ச்சக்கைக்கு வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க” என்றாள். அந்த ஒரு சொல்லோடு பஸ் ஏறினேன். பெண்டாட்டியும் பிள்ளையும் அங்கேயே இருந்தார்கள்.

விளைக்காரி அக்கா என்னை விடவில்லை. குற்ற உணர்ச்சியால் கூப்பிடுகிறாளோ என்று நினைத்தேன். அவளுக்கு அதெல்லாம் கிடையாது.

“பிரிக்கிற கைன்னு பேரு வந்துட்டுல்லா? அதை வச்சே பொழைக்கலாம், வாரும். இந்த நாட்டுல வாங்குகவன் எத்தன பேரு? சண்ட போட்டுட்டுப் பிரியத் தெரியாம நிக்கவன் எத்தன பேரு? பாகம் எழுத ஒருத்தனும் வர மாட்டான். நீரு எழுதும். பிரிஞ்ச பொறவு அதுல ஒருத்தன் கண்டிப்பா விளையை விப்பான். அதை நான் பேசிக்கிடுகேன்.”

சம்பளம் தர அவளிடம் வழியில்லை. எழுதினால் எழுத்துக்கூலி எனக்கு, அவ்வளவுதான். வேறு போக்கிடம் இல்லாமல்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆனால் ஆள் வந்தது. முதலில் அந்த அண்ணன் தம்பியின் சம்பந்தக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் பூதப்பாண்டியிலிருந்து ஒரு குடும்பம், பதினோரு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையாக வந்து நின்றார்கள். அந்தக் கையால் பிரித்தால் பிரிந்ததுதான், திரும்பக் கோர்ட்டுக்குப் போகாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்படி ஒரு மாயமும் இல்லை. மற்ற எழுத்துக்காரர்கள் பழைய ஆதாரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். நான் வேர்ச்சக்கைப் பாடத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் கேட்டேன். மாட்டுத்தொழுவின் ஓலை யாருக்கு, கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழும், செத்தவர்களின் கல்லறைக்கு எந்த வழியாகப் போவது. கேட்கக் கேட்க அவர்கள் சண்டையை என் முன்னாலேயே போட்டு முடித்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக மிச்சம் இருக்காது.

சொன்னால் என்ன, நான் சந்தோஷமாக இருந்தேன். அக்கா மத்தியானம் கிழங்கும் மீனும் கொண்டுவருவாள். அவள் புருஷன் வைத்தது. அந்த மனுஷனுக்கு நல்ல கைப்பக்குவம். நான் எழுதுவதை அவள் எட்டிப் பார்த்து, “இத்தன கேள்வி கேட்டா அடுத்த மார்கழிதான் முடியும்” என்று கிண்டல் செய்வாள். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் சந்தோஷமெல்லாம் வடிந்துவிடும். கொடியில் மனைவியின் ஒரு பழைய சேலை கிடந்தது. அதை எடுத்து மடித்து வைக்கவும் எனக்கு மனசில்லை.

தை பிறந்து பத்து நாள் கழித்துக் கம்பெனி முதலாளி மறுபடியும் ஆளனுப்பினார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்.

“உம்ம எழுத்தை என்னால மறக்க முடியல வேய். ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். ஒரு வருஷம் நீரு கிரய ஆதாரம் மட்டும் எழுதும். எழுத்து உம்மது. கீழ பேரு நம்ம மூத்த எழுத்துக்காரரோடது. அப்படி எழுதி எழுதி உம்ம கைத்தோஷம் கழியட்டு. பொறவு உம்ம பேருல எழுதலாம். மாசச் சம்பளம் தருகேன். ஆனா அந்தப் பொம்பளை கடைப் பக்கம் போவப்பிடாது.”

மாசச் சம்பளம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை. என் பெயர் இல்லாமல் எழுதுவது கசப்புதான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத வீடு அதைவிடக் கசப்பு. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் குடையை மடித்தபடியே கேட்டுக்கொண்டாள்.

“பொண்டாட்டி பிள்ளைக்காகன்னா போரும். நான் தடுக்க மாட்டேன். ஆனா சொல்லிட்டேன், கிரயம் எழுதி எழுதி உமக்குக் கொட்டாவிதான் வரும்.” அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள். பானை நிறையத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நேரத்துக்கு ராஜாக்கமங்கலம் போய்ச் சேர்ந்தேன். மாமனார் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். தோளில் என் மகள். மூன்று மாசத்தில் முகம் தெளிந்து, கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தாள். நான் சேதியைச் சொன்னேன். கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள், மாசச் சம்பளம் என்றேன். மாமனாரின் முகம் மலர்ந்தது. “அதைச் சொல்லும்! கர்த்தர் வழி காட்டினாரு” என்றார். உள்ளே பார்த்து, “ஏட்டி, மருமவனுக்குக் காப்பி கொண்டா” என்று மாமியாரிடம் சத்தம் போட்டார். “என்ன வேலைன்னு சொன்னீரு?” என்று என் பக்கம் திரும்பினார்.

மறைக்கத் தெரியாதவன் நான். ஒரு வருஷம் கை கழியவேண்டும் என்பதையும், வேறு ஆள் பெயரில் எழுதவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டே மகளை வாங்கக் கைகளை நீட்டினேன். அவர் அவளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“ஒரக்கம் வருகு அவளுக்கு. பொறவு எடுக்கலாம்,” என்றார். பிள்ளை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தாள். அவர் என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் கை பிள்ளையின் மேல் படக்கூடாது என்று நினைக்கிறார்.

“கோவப்படாதீரும் மருமவனே,” என்றார். குரல் தணிந்திருந்தது. “எடம் கெடச்சது நல்ல காரியம். ஆனா அவரே சொல்லுகாரு பாத்தீரா, கை கழிய ஒரு வருஷம் ஆவும்னு. பச்சப்பிள்ளை. அதுவரைக்கும் இவங்க ரெண்டுபேரும் இஞ்ச இருக்கட்டு. ஒரு வருஷம் என்ன, கண்ண மூடித் தொறந்தா போயிரும்.”

அவர் என்னை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே பயம். பேத்தியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த விரல்களிலேயே அது தெரிந்தது. அதனால்தான் எனக்குக் கோபம்கூட வரவில்லை. நீட்டிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மனைவி வாசல்படியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். கையில் காப்பித் தம்ளர். அதை நடையில் வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கி வந்தாள். முதலில் என்னிடம் கேட்டாள்.

“அந்த அக்கா கடையில எத்தன ஆதாரம் எழுதுனீங்க?”

“ஒம்பது.”

“அதுல பிரிஞ்சவங்க யாராவது திரும்பி வந்து சண்டை போட்டாங்களா?”

“இல்ல.”

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். சத்தம் உயரவே இல்லை.

“அப்பா, இவரு பிரிச்சது விளையையும் கெணத்தையும். அதும் ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் பிரிச்சாரு. என்னையும் இவரையும் ரெண்டு மாசமா பிரிச்சு வச்சிருக்கது யாரு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்போ இன்னும் ஒரு வருஷம்ங்கீங்க. பிரிக்கிற கை யாருக்க கை அப்பா?”

மாமியார் உள்ளிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர் தன் வலதுகையைப் பிள்ளையின் முதுகிலிருந்து எடுத்து, அது அங்கே இருப்பது அப்போதுதான் தெரிந்தவர் மாதிரி பார்த்தார்.

“நீங்க யாருக்கும் பேரு மாத்தி எழுத வேண்டாம்,” என்றாள் மனைவி என்னிடம். “அந்த அக்காகிட்டயே இருங்க. நான் துணியை எடுத்து வைக்கேன்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். டிரங்குப் பெட்டியின் மூடி சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. மாமியாரும் பின்னாலேயே போய், “பிள்ளைக்குள்ள அந்த உள்ளித்தைலத்தை எடுத்து வச்சியா?” என்று கேட்பது கேட்டது.

முற்றத்தில் நாங்கள் மூன்று பேர்தான். மாமனார் தொண்டையைச் செருமினார். தெருவில் ஆள் போகிறதா என்று பார்த்தார். பிறகு இரண்டடி நடந்து என்னிடம் வந்து, பேத்தியை என் இரண்டு கையிலும் வைத்தார். வைத்துவிட்டு உடனே விடவில்லை. என் வலதுகையைப் பிடித்து, அவள் தலைக்கு அடியில் சரியாகக் கொண்டுபோய் வைத்தார்.

“தலையைப் பிடிச்சுக்கிடும். கழுத்து இன்னும் நல்லா நிக்கல்ல,” என்றார்.